ராணுவ ஓய்வூதியம் சலுகையா? 37 வயதிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்

"ராணுவத்துக்காரருக்கு மட்டும் பழைய பென்ஷன், எங்களுக்கு ஏன் கிடையாது?" என்று ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் கேட்கிறார்கள். "எல்லையில் நிற்பவனோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் போட்டி போடலாமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. தேசப்பற்று, தியாகம் என்றெல்லாம் பேச்சு வளர்ந்து கடைசியில் யாரோ கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். இந்த ஓய்வூதியத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள், எந்த வயதிலிருந்து கொடுக்கிறார்கள், யாருக்கு எந்தத் திட்டம் என்ற பேச்சே இரண்டு பக்கமும் எழுவதில்லை.

இது தெரியாமல் நியாயம் அநியாயம் பேச முடியாது. அதனால் அடியிலிருந்து போவோம். இந்தியாவின் நிலையை மட்டும்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், ஓய்வூதியம் யார் பணம்?

ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் உதவித்தொகை என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். இதை உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ம் தேதியே தீர்த்துவிட்டது. டி.எஸ். நகாரா வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஓய்வூதியம் தானமும் கிடையாது, கருணையும் கிடையாது, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான உரிமை என்று சொன்னார்கள். டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். வழக்குப் போட்ட நகாரா பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர், அதாவது சிவிலியன். அவர் வாங்கிக் கொடுத்த தீர்ப்பின் பலன் சீருடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

ஆக, கிளார்க்காக இருந்தாலும் சிப்பாயாக இருந்தாலும் ஓய்வூதியம் என்பது வேலை பார்த்த காலத்தில் தள்ளி வைக்கப்பட்ட சம்பளம். இது வரை இருவருக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.

குத்தகையும் வாரமும்

பழைய ஓய்வூதியம், புதிய ஓய்வூதியம் என்ற இரண்டு சொற்களைக் கேட்டவுடனே பலருக்குத் தலை சுற்றுகிறது. நிலத்தை வைத்துச் சொன்னால் சுலபம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய தொகை கைக்கு வந்தாக வேண்டும். வாரத்துக்கு விட்டால் விளைந்ததில்தான் பங்கு. விளைச்சல் குறைந்தால் நமக்கும் குறையும்.

பழைய ஓய்வூதியத் திட்டம் குத்தகை மாதிரி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன் மேல் விலைவாசிக்கேற்ப ஏறும் அகவிலைப்படி, இரண்டும் ஆயுள் முழுக்க உண்டு. இதற்காக ஊழியர் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிப்பதில்லை. பங்குச் சந்தை விழுந்தாலும் இந்தத் தொகை குறையாது.

புதிய திட்டம் என்று நாம் சொல்லும் என்.பி.எஸ். வாரம் மாதிரி. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 10 சதவீதம் போடுகிறார், மத்திய அரசு 2019 ஏப்ரலிலிருந்து 14 சதவீதம் போடுகிறது. அந்தப் பணம் சந்தையில் முதலீடாகிறது. 60 வயதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அதில் குறைந்தது 40 சதவீதத்தைக் கொடுத்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மாதாமாதம் வரும் தொகையை வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்.பி.எஸ்.ஸுக்குள் வந்தார்கள். தமிழ்நாடு அரசு இன்னும் முந்திக்கொண்டது; 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றிவிட்டது. பிற்பாடு மத்திய அரசே கொஞ்சம் இறங்கி வந்து, 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். என்று ஒரு நடுவழியைக் கொண்டுவந்தது. அதில் 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி, ஆனால் 10 சதவீதப் பிடித்தம் தொடரும்.

தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றையும் மட்டும் 2004-ல் இந்த மாற்றத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். பொறாமை ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், விகிதத்தில் ராணுவத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. பழைய திட்டத்தில் இருக்கும் சிவிலியனுக்கும் பாதிதான், ராணுவத்துக்கும் பாதிதான். 2004-க்குப் பிறகு மத்திய அரசில் சேர்ந்தவர்களில், அந்தப் பழைய திட்டம் ராணுவத்தினருக்கு மட்டும் தொடர்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஏன் விலக்கி வைத்தார்கள்?

உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதால் என்று நினைத்தீர்கள் என்றால், அது பாதிக் காரணம்கூட இல்லை. முக்கியக் காரணம் வயது.

ராணுவத்துக்கு இளைஞர்கள் வேண்டும். 16,000 அடி உயரத்தில் முதுகில் சுமையோடு ஏறுவதற்கு 55 வயதுக்காரர் சரிப்பட மாட்டார். அதனால் சிப்பாய்களை 15 முதல் 20 ஆண்டுகளுக்குள் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். 19, 20 வயதில் சேர்ந்தவர் 37, 38 வயதில் ஊருக்கு வந்துவிடுகிறார். ஹவில்தார், சுபேதார் என்று பதவி உயர உயரக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். இவர் தானாக விலகி வரவில்லை. ராணுவம் தன் தேவைக்காக அனுப்பி வைக்கிறது.

இப்போது என்.பி.எஸ்.ஸை இவருக்குப் பொருத்திப் பாருங்கள். வாரத்துக்கு விட்ட நிலம் விளைய நாள் வேண்டும். கிளார்க்கின் பணம் 35 ஆண்டுகள் வட்டிக்கு வட்டி போட்டு வளரும். சிப்பாயின் பணம் 17 ஆண்டுகளில் நின்றுவிடும், அதுவும் சின்னச் சம்பளத்தில் பிடித்த பணம். அதை வைத்துக்கொண்டு அவர் இன்னும் 40 ஆண்டுகள் சாப்பிட வேண்டும். எப்படிப் போட்டாலும் இந்தக் கணக்கு நிற்காது.

இதனால்தான் தகுதிக்கான காலத்திலும் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி இருந்தால் ஓய்வூதியம், அதிகாரிக்கு 20 ஆண்டு. பழைய திட்டத்தில் இருக்கும் சிவிலியன் 10 ஆண்டு பணியோடு ஓய்வு வயதை எட்டினாலே போதும், நடுவில் விருப்ப ஓய்வில் போக நினைத்தால்தான் 20 ஆண்டு தேவை.

ஒரு கணக்கு

அரசு ஊழியர் சம்பளத்தை அவ்வப்போது திருத்தியமைக்கப் போடுவதுதான் ஊதியக் குழு. ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் மூன்றாம் நிலை என்று ஒன்று உண்டு. ராணுவச் சிப்பாய்க்கும் அதுதான், மத்தியக் காவல் படைக் கான்ஸ்டபிளுக்கும் அதுதான். 21,700 ரூபாயில் தொடங்கி 69,100 ரூபாயில் முடியும். ஆண்டுக்கு ஒரு படி, மொத்தம் 40 படிகள்.

ஒருவர் 20 வயதில் இந்தப் படியில் ஏறிச் சுமார் 17 ஆண்டுகளில் 35,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சிப்பாயாக இருந்தால் அத்தோடு வீட்டுக்கு. ராணுவத்தினருக்கு மட்டும் உண்டான ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாயையும் ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆக 40,200-ல் பாதி, 20,100 ரூபாய்.

அதே படியில் ஏறிய இன்னொருவர் ஒரு பதவி உயர்வுகூட இல்லாமல் 60 வயது வரை வேலை பார்க்கிறார். கடைசிப் படியான 69,100-க்கு வந்துவிடுவார். பழைய திட்டத்தில் இருந்தால் அவருக்கு 34,550 ரூபாய் ஓய்வூதியம். அதோடு சிப்பாய் பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருந்த அந்த 23 ஆண்டுகளும் இவர் முழுச் சம்பளம் வாங்கியிருக்கிறார், வருடா வருடம் ஏறிய சம்பளம். அகவிலைப்படி இரண்டு பேருக்கும் ஒரே சதவீதம் என்பதால் அதை விட்டுவிட்டேன், ஊதியக் குழு மாற்றங்களையும் எளிமைக்காக விட்டுவிட்டேன்.

"37 வயதிலேயே பென்ஷன் வாங்குகிறானே!" என்று வாய் பிளக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 37 வயதில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும், அப்பா அம்மாவுக்கு மருத்துவச் செலவு தொடங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சம்பளம் ஏற ஆரம்பிக்கும் வயதில் இவருக்குப் பாதியாகிறது. நீண்ட நாள் வாங்குகிறார் என்பது உண்மை. ஆனால் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைக்கான ஈடும் அந்தப் பணத்துக்குள்ளேயேதான் இருக்கிறது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே போகப் போக இந்த வாதம் மெலிந்துகொண்டே வருகிறது. கர்னல் 54 வயதில் போகிறார். லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதில்தான் ஓய்வு பெறுகிறார், ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அதே வயதில்தான். சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்ற நியாயம் ஜெனரலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வேறு காரணங்கள் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது. சிப்பாயின் கஷ்டத்தைக் காட்டி ஜெனரலின் ஓய்வூதியத்துக்கு வாதாடுவதை நான் ஏற்க மாட்டேன்.

"அப்புறம் பேங்கிலும் சம்பளம் வாங்குகிறாரே?"

இது அடுத்த புகார். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் பேங்க் வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் காவலுக்கு நின்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்குக் குரூப் சி இடங்களில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு, தமிழ்நாட்டில் குரூப் சி-யில் 5 சதவீதம். அரசு வேலை கிடைத்த சிப்பாய் ஓய்வூதியத்தையும் வாங்குகிறார், புதுச் சம்பளத்தையும் வாங்குகிறார்.

அது எப்படி நியாயம் என்றால், முதல் ஓய்வூதியம் முடிந்த வேலைக்கான தள்ளி வைத்த சம்பளம். நகாரா தீர்ப்பை ஏற்றுக்கொண்டால் இதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தவிர, இரண்டாவது வேலை எல்லோருக்கும் அரசு வேலையாக அமைவதில்லை. பலருக்கு அது 12 மணி நேர செக்யூரிட்டி வேலை. அங்கே துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள், 17 ஆண்டு அனுபவத்துக்கென்று தனியாக எதுவும் கொடுப்பதில்லை.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்

இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, ராணுவத்துக்கு எல்லோரையும் விட அதிகமாகத் தருகிறார்கள் என்ற எண்ணம் பரவிவிட்டது. விஷயம் வேறு. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர் எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

ஏன் கேட்டார்கள்? 60 வயதில் ஓய்வு பெறுகிறவர் அதன்பின் இரண்டு ஊதியக் குழுக்களைப் பார்ப்பார். 37 வயதில் ஓய்வு பெறுகிறவர் நான்கைப் பார்ப்பார். ஒவ்வொரு குழுவும் வந்து போகும்போது பழையவருக்கும் புதியவருக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. கடைசியில் ஒரு பழைய ஹவில்தார், தனக்குக் கீழே இருந்து பின்னால் ஓய்வு பெற்ற நாயக்கைவிடக் குறைவாக வாங்கும் நிலை வருகிறது. சீருடைக்காரர்களுக்கு இது பணத்தோடு சேர்ந்த மானப் பிரச்சினை.

2015-ல் முன்னாள் படைவீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7-ம் தேதி உத்தரவு வந்தது, 2014 ஜூலை 1 முதல் அமல். 2013-ல் ஓய்வு பெற்றவர்களின் மிகக் குறைந்த ஓய்வூதியத்துக்கும் மிக அதிக ஓய்வூதியத்துக்கும் சராசரி எடுத்துப் பழையவர்களை அதற்கு உயர்த்தினார்கள், அதற்கு மேல் வாங்கியவர்களுக்குக் குறைக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சமன் செய்வார்கள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இடைவெளி மறுபடி விழுகிறதே என்று முன்னாள் படைவீரர்கள் வழக்குப் போட்டார்கள். இது அரசின் கொள்கை முடிவு, அரசியல் சட்டப்படி குறை இல்லை என்று 2022 மார்ச் 16-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே கணக்குப் போட்ட 17 ஆண்டுச் சிப்பாயை இது இன்னொரு 17 ஆண்டுச் சிப்பாய்க்குச் சமமாக்கும். 60 வயது வரை வேலை பார்த்தவருக்குச் சமமாக்காது. இழந்த 23 படிகள் இழந்தவைதான்.

அந்த 1.6 லட்சம் கோடி

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. "நாலில் ஒரு பங்கு பென்ஷனுக்கே போகிறது, அப்புறம் எப்படி பீரங்கி வாங்குவது?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தொகை முழுக்கச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் போவதில்லை. பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிவிலியன்களின் ஓய்வூதியமும் அதற்குள்ளேயே இருக்கிறது: வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர், கணக்குப் பிரிவு ஊழியர், கட்டுமானப் பிரிவில் இருந்தவர் எல்லோரும். சுமை பெரியதுதான், மறுக்கவில்லை. யாருடைய சுமை என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

எல்லையில் நிற்பவருக்கு எந்த ஓய்வூதியம்?

எனக்கு உண்மையாகவே வலிக்கிற இடம் இது.

"எல்லையில் நிற்பவர்" என்று சொல்லும்போது நம் மனதில் ராணுவச் சிப்பாய்தான் வருகிறார். ஆனால் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் பக்கத்துச் சர்வதேச எல்லையில் அமைதிக் காலத்தில் காவல் நிற்பது எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப். வங்கதேச எல்லையிலும் அவர்கள்தான். சீன எல்லையில் பனிக்குள் இருப்பது இந்தோ திபெத் எல்லைக் காவல் படை. சத்தீஸ்கர் காட்டில் கண்ணிவெடிக்கு நடுவே நடந்தது மத்திய ரிசர்வ் காவல் படை, அதாவது சி.ஆர்.பி.எஃப். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள், அவர்களில் இருவர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இந்தப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. அதனால் 2004-க்குப் பிறகு இவற்றில் சேர்ந்தவர்கள் என்.பி.எஸ்.ஸில் இருக்கிறார்கள். எல்லை வாதத்தைச் சத்தமாகச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும். எல்லையில் நிற்பதுதான் காரணம் என்றால் பழைய ஓய்வூதியம் முதலில் இவர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

அரசு தரப்பின் பதிலையும் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு 2019 முதல் ஓய்வு வயது எல்லாப் பதவிக்கும் 60. 37 வயதில் அனுப்புவதில்லை, ஆகவே ராணுவத்துக்குச் சொன்ன வயதுக் காரணம் இங்கே இல்லை. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு என்.பி.எஸ்.ஸையும் மீறித் தனி விதிகளின்படி குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதெல்லாம் சரி. ஆனால் உயிரோடு ஓய்வு பெற்று வரும் கான்ஸ்டபிளுக்கு என்ன? காட்டிலும் பாலைவனத்திலும் இருபது ஆண்டு கழித்துவிட்டு, முட்டி தேய்ந்து, இனி முடியாது என்று விருப்ப ஓய்வு கேட்பவரிடம் சந்தை எவ்வளவு தருகிறதோ பார்த்துக்கொள் என்கிறோம். அவர் உடம்பு தேய்ந்தது அலுவலகத்தில் இல்லை.

2023 ஜனவரி 11-ல் டெல்லி உயர் நீதிமன்றம், இவையும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய ஓய்வூதியம் இவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பி.எஸ்.எஃப். சட்டமே அந்தப் படையை ஒன்றியத்தின் ஆயுதப் படை என்றுதான் சொல்கிறது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போக, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால் இப்படி வரும். ராணுவச் சிப்பாயின் ஓய்வூதியத்துக்கு அடிப்படை, இள வயதில் அனுப்பப்படுவது. ஆபத்துக்கு ஈடாகச் சம்பளத்துக்கு மேல் தனியாகத் தரும் படித் தொகைகள், பணி ஊதியம், ஊன ஓய்வூதியம், சண்டையில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதையும் தரும் குடும்ப ஓய்வூதியம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஆசிரியரும் சிப்பாயும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கிறார்கள். ஆசிரியர் பழைய திட்டம் கேட்பதில் தவறே இல்லை. அதற்குச் சிப்பாயைச் சுட்டிக்காட்டுவதுதான் பொருந்தாத உதாரணம்.

அக்னிவீரருக்கு எந்தக் கணக்கு?

2022 ஜூன் 14-ல் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். பதினேழரை வயது முதல் சேரலாம், நான்கு ஆண்டு பணி. அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள், மீதிப் பேருக்குச் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் மாதம் 30 சதவீதம் பிடித்த பணம், மறுபாதி அரசு போடுவது. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

ஓய்வூதியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்ற கவலையும் இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது என்பது பரவலான கருத்து, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இத்தனை நாளும் அந்த இளமைக்கான விலையை ஓய்வூதியமாக அரசு சுமந்தது. இப்போது அதில் பெரும்பகுதி 22, 23 வயதுப் பையன்கள் தலையில் ஏறியிருக்கிறது. கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய ஆண்டுகளை முகாமில் கழித்துவிட்டு, கையில் ஒரு தொகையோடு, அடுத்த வேலையை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். மத்தியக் காவல் படைகளில் ஒதுக்கீடு என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே சேர்ந்தாலும் காத்திருப்பது என்.பி.எஸ். அல்லது யு.பி.எஸ்.தான், பழைய ஓய்வூதியம் இல்லை.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிகளுக்கு 2026 முடியும்போது நான்கு ஆண்டு நிறைகிறது. அவர்களில் நம் மாவட்டப் பையன்களும் இருப்பார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என்னென்ன கிடைக்கும், எந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று பெற்றோர்கள் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.